சட்டி நிறையச் சாவி

முறுக்கு வைத்திருக்கக் கூடாது என்று கமலநாதனுக்கு உறைத்தபோது முறுக்கு தீர்ந்திருந்தது.

வெறும் வயிற்றில் குடித்தால் தலைக்கு ஏறும் என்று அவரேதான் மேசைக்கு மேசை முறுக்கும் உப்புக் கச்சான் கடலையும் வைத்தார். உப்பு நாக்கில் பட்டதும் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீரோ மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பீர் இந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்.

பட்டம் வாங்கியவர்களுக்குக் கிள்ளானில் மதிய விருந்து. "ஒருத்தன்கூட போதையில் காரைத் தொட மாட்டான். நான் பொறுப்பு" என்று பிரின்சிபலிடம் வாக்குக் கொடுத்து பீருக்கு அனுமதி வாங்கிய விரிவுரையாளர் அவர். எதற்கு வாயைத் திறந்தோம் என்று இப்போது நொந்துகொண்டார்.

"சார், இன்னும் ஒண்ணு லா!" ரிஷி கிளாஸை நீட்டினான்.

"போதும்டா. கண்ணு சிவந்திருச்சு."

"அது சம்பல் காரம் சார்!"

கமலநாதன் பெரிய கிளாஸ்களை ஒளித்துவிட்டுச் சின்னக் குவளைகளை எடுத்து வைத்தார். அவற்றைப் பிள்ளைகள் இருமல் மருந்துபோல ஒரே மடக்கில் விழுங்கினார்கள்.

"எத்தனைடா குடிச்ச?"

"சின்னதெல்லாம் கணக்குல வராது சார்."

வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல பீர் கவுண்டர மூடிடுவோம்!"

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. நாளை முதல் உலகத்தில் பீரே கிடைக்காது என்பதுபோல மொத்தக் கூட்டமும் பாய்ந்து வந்தது. ரிஷி மூன்று குவளைகளை அணைத்துக்கொண்டு நின்றான்.

"அது யாருக்குடா?"

"கூட்டாளிக்கு சார்."

"எந்தக் கூட்டாளிக்கு?"

"இனிமேதான் புடிக்கணும்."

கமலநாதன் சமையல்காரர் வள்ளியம்மாளிடம் ஓடினார். "அக்கா, காலிச் சட்டி ஒண்ணு குடுங்க!"

அந்த அம்மாள் கழுவிய சட்டியைத் துடைத்துக் கொடுத்தார். குடித்தவர்களின் கார் சாவிகளையெல்லாம் பிடுங்கி அதில் போட்டார் கமலநாதன். சட்டி நிறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தார். உட்கார விட்டார்களா?

"சார், இந்தா இருக்கு பெட்டாலிங் ஜெயா. கண்ண மூடிக்கிட்டே போயிடுவேன்" என்றான் ரிஷி.

"அதுக்குத்தான்டா பயப்படுறேன்."

"அப்பா கார் சார். விட்டுட்டுப் போனா வீட்டுல ஏத்த மாட்டாரு."

"நீங்கதான் சார் எங்களுக்குப் புடிச்ச லெக்சரர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலில் கமலநாதன் உருகிப்போனார். "சரி, நேரா நடந்து காட்டு. தரேன்."

ரிஷி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சுவர் நேராகத்தான் இருந்தது.

"போய்த் தொலை. மெதுவா ஓட்டு" என்று சொல்லிச் சட்டியை எடுக்கத் திரும்பினார்.

சட்டியைக் காணோம். அண்டா, கரண்டி, வள்ளியம்மாள், வாசலில் நின்ற லோரி, எதையுமே காணோம்.

"சார், எங்க சாவி!" கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. யாரோ சட்டைக் காலரைக்கூடப் பிடித்தார்கள். சாவியை வாங்கியிருக்கவே கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டு அந்த அம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்!" என்று அதட்டினான் ரிஷி.

"அக்கா! தெரியாம அந்தச் சட்டியையும் லோரில ஏத்திட்டீங்க! உள்ள பிள்ளைங்க சாவி இருக்கு!"

"தெரியும் சார். மடியிலதான் வச்சிருக்கேன். பண்டமாரான் வந்துட்டேன்."

"ஐயோ, உடனே திரும்பி வாங்கக்கா! இவங்க வீட்டுக்குப் போக வேணாமா?"

"நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. என் மவனும் இப்படி ஒரு காலேஜ் விருந்துக்குத்தான் சார் போனான். அவன் சாவிய யாரும் எடுத்து ஒளிச்சு வைக்கல."