மாப்பிள்ளை பிரித்த எஞ்சின்

"ஏனுங்க மாப்ள, தண்ணிதான் கொட்டுதே, எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்று பதறினார் சின்னண்ணன்.

சென்னியப்பன் கிணற்று எஞ்சினை நிறுத்தியே விட்டான். "சின்ன ஸ்பேனர் ஒண்ணக் காணோமுங்க மாமா. உள்ள உழுந்திருந்தா?"

நாமக்கல் பக்கத்தில் அப்போது ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்தவர்களே குறைவு. அதைப் பிரித்துப் பூட்டப் படித்தவன் சென்னியப்பன் ஒருவன்தான். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, இரும்பை அராவி அராவிக் கை காய்த்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் நட்டின் அளவைத் தடவியே சொல்லுமளவுக்குத் தேறி, லீவில் பெண் பார்க்க வந்திருந்தான். வந்த இடத்தில் மாமனாராகப் போகிற சின்னண்ணனின் மக்கர் எஞ்சினைச் சரிபண்ணியும் கொடுத்தான். அதோடு சும்மா இருந்திருக்கலாம். பெருமை விட்டால்தானே? மோர் கொண்டுவந்த பெண் சௌந்திரத்துக்குக் கேட்கும்படி, "சாமான முன்னாலயும் எண்ணோணும், பின்னாலயும் எண்ணோணும். ஒண்ணு கொறஞ்சாலும் பிளேன் கெளம்பாது" என்று அளந்திருந்தான்.

இப்போது எண்ணினால் ஒன்று குறைகிறது!

அவன் அப்பா செங்கோடன் காதைக் கடித்தார். "டேய், இது ஏரோப்ளேன் இல்லடா. ராகுகாலத்துக்கு முன்னால வெத்தலை பாக்கு மாத்தோணும்."

"எந்த எஞ்சினா இருந்தா என்னுங்கப்பா?"

மேல்மூடியைக் கழற்றினான். இல்லை. பக்கத்து மூடியையும் கழற்றினான். அங்கும் இல்லை. கழற்றிய வேகத்தில், கசியாமலிருக்க மூடிக்கடியில் வைத்திருந்த அட்டை கிழிந்தது. இனி சேலத்திலிருந்து புது அட்டை வந்தால்தான் எஞ்சின் ஓடும்.

"ஓடுனதக் கெடுத்துப்போட்டீங்களே! பட்டாளத்துல என்னத்தத்தான் படிச்சீங்களோ? பொண்ணு இல்லீங்க, கெளம்புங்க!" என்று கத்தினார் சின்னண்ணன்.

"கெணத்துல உழுந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லீர்றா சாமி" என்று கெஞ்சினார் செங்கோடன்.

சென்னியப்பனுக்குச் சௌந்திரத்தைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிருந்தது. ஆனாலும் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து நின்றான்.

"பொண்ணு இல்லீன்னாலும் சரிங்க மாமா. பாக்காததப் பாத்தேன்னு சொல்ல மாட்டேனுங்க. என்ற கையெழுத்த நம்பித்தான் ஒருத்தன் பிளேன்ல மேல போறான்."

செங்கோடன் கெஞ்சுவதை நிறுத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டார். மகனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"வாடா போலாம். இவங்களுக்குக் குடுத்துவெக்கல."

அந்த நேரம் சௌந்திரம் வந்து ஸ்பேனரை மற்ற சாமான்களோடு வைத்தாள்.

"எங்கம்மிணி கெடச்சுது?" என்றார் சின்னண்ணன்.

"கெடைக்கலீங்கப்பா, நாந்தான் ஒளிச்சு வெச்சேன். ஓடுனாப் போதும்னு மூடிப்போட்டுப் போயிருந்தா, இவர நானே வேண்டாம்னிருப்பேன்."