டெஸ்டர் அண்ணனும் ஈஸ்வரியக்கா வீட்டு மீட்டரும்

மின்சாரத்தின் மீதே இரக்கப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் டெஸ்டர் அண்ணன். "பாவமுங்க, எங்கிருந்தோ ஓடி வருது, சும்மா எரிய உடலாமுங்களா?" என்று, கேட்காமலே வீட்டுக்குள் வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவார். உள்ளே நாம் படித்துக்கொண்டிருப்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டியில் ஒரு லைன் வீட்டில் நானும் இரண்டு நண்பர்களும் தங்கி, காந்திபுரம் பஸ்ஸில் தொங்கியபடி பாலிடெக்னிக் போய்வந்தோம். அண்ணன் அந்த வட்டாரத்துக்கே வயர்மேன். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர். கதவுத் தாழ்ப்பாள், டீக்கடை பாய்லர், ஒருமுறை படுத்திருந்த எருமை என்று எதையும் அதை வைத்துத் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார். கறுப்பு டேப் சுற்றினால் வயருக்குத் துக்கம் போலிருக்கிறதாம். ஊரிலேயே அவர் மட்டும் பச்சை டேப்.

கரண்டு பில் கட்டத் திணறுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் கதி. மின்வாரிய ஆபீசில் அவர்களுக்காக வரிசையில் நிற்பார். இரண்டு தவணையாகக் கட்ட விடும்படி, 'ங்க' போட்டுப் போட்டே அதிகாரியைக் களைக்கவைத்துச் சம்மதம் வாங்கிவிடுவார்.

எங்கள் பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்கா விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றுகிறவர். கணவர் இல்லை, இரண்டு குழந்தைகள். வீட்டில் ஒரு பல்பு, ஒரு ஃபேன். அவருக்குத் திடீரென்று, ஒரு மாதக் கூலியை அப்படியே விழுங்குகிற பில் வந்தது. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

புதன்கிழமை காலை அண்ணன் வந்தார். ஈஸ்வரியக்கா வீட்டு மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகும், மாடிப்படிக்கு அடியில் எட்டு மீட்டர்களோடு இருந்த அக்காவின் மீட்டரில் தகடு விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டி நிரம்பி, வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். தகடும் நின்றது.

எனக்கு அது போதும். பத்தொன்பது வயது, யாரையாவது எதிர்த்துப் புரட்சி செய்யக் கை பரபரத்த காலம். ஏழையின் மின்சாரத்தை உறிஞ்சும் சொந்தக்காரர் மீது அங்கேயே உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுத ஆரம்பித்தேன். நகல் முதலமைச்சருக்கும் ஜனாதிபதிக்கும்.

அண்ணன் வயரை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போனார். இணைப்பு இருந்த இடத்தில் விரல் நின்றது. பச்சை டேப்.

இரண்டு மாதம் முன்பு அந்தப் புது மோட்டாருக்கு லைன் இழுத்தவர் அவரேதான். அவசரத்தில் மீட்டர் மாறிப்போயிருக்கிறது.

"தம்பி, அந்த மனுவுல என்ற பேரை எழுதிப்போடுங்க," என்றார்.

நான் மனுவைக் கிழித்தேன். அவர் இணைப்பை மாற்றிவிட்டு, நேராகச் சொந்தக்காரரிடம் போய் ஒப்புக்கொண்டார். சொந்தக்காரருக்கோ ஒரே பதற்றம். "நாம்ப குளிச்ச தண்ணிக்கு அந்தப் புள்ள பில்லு கட்டறதுங்களா?" என்று அப்போதே சட்டையை மாட்டினார். கூடுதலாக வந்ததை அவர் கொடுக்க, மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே இருவரும் போய் வரிசையில் நின்று, திறந்ததும் கட்டிவிட்டார்கள். முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், வழி கேட்க வந்தவர் எல்லாரிடமும் அண்ணன் தன் தப்பை முதலிலிருந்து விவரித்தாராம்.

அதன்பின் ஒரு மாதம் எங்கள் லைன் வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை. விளக்குகள் இஷ்டத்துக்கு எரிந்தன. எங்களுக்குத்தான் என்னவோ போலிருந்தது. ஈஸ்வரியக்கா பழைய மிக்ஸி ஒன்றை வாங்கினார். பிளக் பாயின்ட் வேண்டுமென்று அண்ணனுக்கே சொல்லி அனுப்பினார். வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"வேற நல்ல வயர்மேனாப் பாத்து அனுப்பட்டுங்களா, அம்மணி?"

"நீங்களே போடுங்ணா. எங்க ஊட்டு மீட்டரு உங்களுக்குத்தான நல்லாத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். ஸ்டூலில் ஏறும் முன் மட்டும் மாடிப்படிக்கு அடியில் போய் மீட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தார். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். நண்பர்கள் கேட்டும் அந்த வேலையை விட்டுக்கொடுக்கவில்லை.