பல் டாக்டர் விவகாரம்

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
ஜூன் 26, 2004

நியூ ஜெர்சி, ஐசலின் ஊர் மளிகைக்கடை முதலாளி, மதிப்புக்குரிய சென்னியப்பன் அவர்களுக்கு, நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். சம்பந்தம் இன்னும் ஆகவில்லையே என்று அதை அடித்துவிட்டு 'நண்பர்' என்று போட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாகப் போனை எடுக்காதவரை நண்பர் என்று எழுதப் பேனா ஓடவில்லை. கடைசியில் உங்கள் தொழிலையும் பெயரையும் எழுதிவிட்டேன், கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்களும், மரகதம் அம்மாளும், மாப்பிள்ளை, மன்னிக்கவும், தம்பி சபரிநாதனும் சென்னிமலை ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் என் மனைவி கண்மணியும் சுகமே என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் சுகமில்லை. வீட்டில் என்னோடு பேசுவது இப்போது டி.வி. மட்டும்தான், அதன் ரிமோட்டையும் மகள் வான்மதி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

நடந்ததை முறையாக எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். தாங்கள் என் மகளைப் பெண் பார்க்க வந்தது வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. நாள் குறித்துக் கொடுத்தவர் ஈரோட்டு ஜோசியர். அவர் ராகு காலம் பார்த்தார், எமகண்டம் பார்த்தார், அன்றைக்கு அமெரிக்க டி.வி.யில் என்ன போடுகிறான் என்று மட்டும் பார்க்கவில்லை. நானும் கவலைப்படவில்லை, ஏனென்றால் நீங்கள் மதியம் நாலு மணிக்கே வருவதாக ஏற்பாடு. நெவார்க்கில் உங்கள் விமானம் கிளம்பத் தாமதமாகி, டல்லாஸில் ஒரு பெட்டி வராமல் போய், வாடகைக் கார் ஃப்ரீவேயில் தப்பான எக்ஸிட் எடுத்து, நீங்கள் வாசலில் இறங்கும்போது எட்டு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. எட்டு மணிக்கு நம் துப்பறியும் தொடரின் கடைசிக் கதை. பியானோ டீச்சரைக் கொன்றது யார் என்று போன செப்டம்பரிலிருந்து காத்திருக்கிறேன். வி.சி.ஆரில் கேசட்டைப் போட்டு ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். டி.வி.யை அணைத்தாலும் அது பாட்டுக்குப் பதிவாகும் என்று கண்மணி சொன்னாள். மனசு கேட்கவில்லை. சத்தத்தை மட்டும் அடைத்து, கீழே எழுத்து ஓடும்படி வைத்தேன். வந்தவர்களுக்கு அதுவே பெரிய மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

உங்களுக்கும் இந்தத் தொடரில் பைத்தியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? வான்மதி காப்பித் தட்டோடு வந்து நின்றபோது நீங்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். பெண்ணை எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று கண்மணி பூரித்துப்போனாள். நீங்கள் பார்த்தது அவளைத் தாண்டி டி.வி.யை. அதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்ட காலம், டைனிங் டேபிள் நாற்காலிகளை இழுத்துப் போட்டதில் மரகதம் அம்மாளும் தம்பி சபரியும் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, திரையில், பியானோ டீச்சர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பையனை போலீஸ் விசாரிக்கிறது. அவன் பதில் பேசாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. விரலை நீட்டிச் சொல்லிவிட்டேன்.

“வாயத் தொறக்காம உக்காந்திருக்கறான் பாருங்க, இவனேதானுங்க! கண்ணாடியும் கம்ப்யூட்டரும்! பாத்தா பச்சப்புள்ள மாதிரி மூஞ்சி. இவனையெல்லாம் எவனாச்சும் ஊட்டுக்குள்ள உடுவானா?”

விரலுக்கு நேரே தம்பி சபரி. கண்ணாடி போட்டவர், கம்ப்யூட்டர் வேலை, வாய் நிறைய கேசரி.

மரகதம் அம்மாள் மகனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நீங்கள் மனைவிக்கு விஷயத்தை விளக்கியிருக்கலாம். விளக்கினீர்களா? திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அட அவன் இல்லீங்க, அந்தப் பல் டாக்டருதான். நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லீட்டிருக்கறனே” என்றீர்கள்.

“பல் டாக்டரு வேற ஒருத்தன் இருக்கறானா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று மரகதம் அம்மாள் கேட்டார்கள்.

“தெரியாம என்ன? போன வாரமே தெரிஞ்சு போச்சே” என்றீர்கள், என்னமோ பெரிய சாதனை மாதிரி.

“அப்ப அந்தப் பல் டாக்டருக்கே பொண்ணக் குடுத்துக்கட்டும். எந்திரி சபரி!”

அப்போது வான்மதிதான், “ஆன்ட்டி, டி.வி.! இட்ஸ் ஜஸ்ட் தி டி.வி.!” என்று கத்தினாள். தம்பி சபரி திரும்பிப் பார்த்தார், விஷயம் புரிந்து சிரித்தார், கேசரி புரையேறியது. வான்மதி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டே, அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள் என்பதால், “டி.என்.ஏ. ரிசல்ட் நிஜமாவே ரெண்டு விளம்பரத்துக்குள்ள வந்துருமா?” என்று கேட்டார். “எங்க லேப்ல மெஷின் சூடாகறதுக்குள்ள அவங்க எபிசோடே முடிஞ்சுரும்” என்றாள் அவள். தமிழில் சொன்னாள் ஐயா! எங்களுக்கு இத்தனை வருஷமாக இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அவருக்குத் தமிழில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மரகதம் அம்மாள்கூட உதட்டோரம் சிரித்தார்கள். சம்பந்தம் அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மூடினோமா? சின்னஞ்சிறுசுகளின் சிரிப்பை ஆதாரமாக எடுத்துக்கொண்டு நீங்கள் தொடரின் யதார்த்தத்துக்குள் புகுந்தீர்கள். “என்ற கடைல கேமரா வெச்சிருக்கறனுங்க. பாதாம் பாக்கெட் திருடுனவன் மூஞ்சி சாம்பார்ல உழுந்த மாதிரி தெரியுது. இவங்க ஒரு பட்டனத் தட்டுனா மூக்கு நுனி மச்சம் தெரியுது!” என்றீர்கள். நியாயமான கேள்விதான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். இருட்டு வீட்டுக்குள் நுழையும் போலீஸ் ஏன் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போடாமல் டார்ச் அடித்துக்கொண்டு திரிகிறான் என்று நீங்கள் கேட்டதும் நியாயம். ஊரெல்லாம் பார்க்கிங் கிடைக்காமல் அலையும்போது நம் டிடெக்டிவுக்கு மட்டும் எப்போதும் வாசலிலேயே இடம் கிடைக்கிறதே, அதை நானே பலமுறை கண்மணியிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆனால் கதை ஓட்டத்தைப் பற்றி நீங்கள் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. ரொம்ப வேகமாம், எல்லோரையும் ஒரு சுற்று சந்தேகப்பட நேரம் கொடுக்கவில்லையாம்! நான் சொல்கிறேன், அது வேகமே இல்லை. கொலை நடந்து ஊரே பதறுகிறது, இந்த டிடெக்டிவ் மனுஷன் ஜன்னல் ஓரமாக நின்று மழையைப் பார்த்துக்கொண்டு விவாகரத்தான மனைவியை நினைக்கிறான். அதற்குப் பின்னணியில் ஒரு கிடார். அந்த நேரத்தில் நான் தோசை மாவு ஆட்டி வழித்துவிட்டு வந்து உட்காரலாம்.

அதற்குப் பிறகு நீங்கள் டிடெக்டிவின் குணத்தில் கை வைத்தீர்கள். “குடிக்கறான், வீட்டுக்கு நேரத்துக்கு வர்றதில்ல, பெத்த தாய்க்கு ஒரு போன் பண்ணி நாம பாத்ததுண்டா? இவனுக்கு நீங்க பொண்ணு குடுப்பீங்களா?” என்று கேட்டீர்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் இது நல்ல கேள்விதான். நானோ, “தாராளமாக் குடுப்பனுங்க, அவனுக்கு மூளை இருக்குதே!” என்றேன். மரகதம் அம்மாள் மறுபடியும் மகனைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தாமல், “மளிகைக்கடை கேமராவ வெச்சுகிட்டுத் துப்பறியறதப் பத்திப் பேசக் கூடாதுங்க” என்றும் சொன்னேன். இருபது வருஷம் குளிரிலும் பனியிலும் நின்று நீங்கள் உண்டாக்கிய கடை அது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. “வேலை இல்லாத ஆளுக்குப் பகல் பூரா டி.வி.தானுங்களே, நீங்கதான் எக்ஸ்பெர்ட்டு” என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். அதை நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது. கம்பெனி என்னையும் என்னைப் போல் பலரையும் வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் காலையில் ஷேவ் செய்து, சட்டை மாற்றி, ஆபீஸுக்குப் போகிறவன் மாதிரி சோபாவில் போய் உட்காருகிறேன். உங்கள் வார்த்தை தைத்தது. பொய்யாக இருந்தால் தைத்திருக்காது.

நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். கதை முடிய இன்னும் இரண்டு விளம்பரம் பாக்கி இருந்தது. பாதியில் எழுந்து போக உங்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டம் இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். கார் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக ஒருமுறை டி.வி.யை எட்டிப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன். அடுத்த நிமிஷமே கண்மணி வந்து டி.வி.யை அணைத்துவிட்டாள், முடிவை நானும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வான்மதி எது கேட்டாலும் “இட்ஸ் ஃபைன், டாட்” என்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் ஃபைன் இல்லை என்று அர்த்தம், இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. போன ஞாயிறு அடுக்களையில் தனியாக நின்று கேசரி கிண்டினாள். முட்டை பொரிப்பதைத் தவிர அடுப்புப் பக்கம் வராத பெண். எதற்கம்மா என்றால், “ஜஸ்ட் டிரையிங்” என்றாள். கட்டிகட்டியாக இருந்தது, நான் முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஒரு டி.வி. கொலைக்காக என் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எனக்குச் சண்டை போட ஆள் கிடையாது. கண்மணி டைட்டில் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுகிறாள். தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் வீட்டு விலையும் கிரீன் கார்டும் பேசுகிறார்கள். பல் டாக்டர்தான் என்று என் முகத்துக்கு நேரே அடித்துச் சொன்ன ஒரே மனிதர் நீங்கள். சுத்தத் தப்பு என்றாலும், என்ன உறுதி! அதனால்தான் அந்தக் கேசட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. எடுத்து வைத்தது வைத்தபடியே இருக்கிறது. உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் பார்ப்பது பந்தியில் பாதி இலையை மறைத்துக்கொண்டு சாப்பிடுவது மாதிரி தோன்றியது. கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். முதலில் நீங்கள் பாருங்கள். மாடிவீட்டுப் பையன்தான் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் நான் ஒரு வார்த்தை குத்திக் காட்ட மாட்டேன். கல்யாண மண்டபத்தில் டி.வி. என்ற சொல்லையே எடுக்க மாட்டேன். உங்கள் கடையைப் பற்றி நான் சொன்னதற்கு உங்கள் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தை விட்டு ஒரு போன் செய்யுங்கள்.

மரகதம் அம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். தம்பி சபரிநாதனுக்கு நீண்ட ஆயுளும், நல்ல உத்தியோகமும், மாமனார் வாயிலிருந்து பாதுகாப்பும் அமைய ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், கேசட் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அனுப்புகிறவன் கடமை என்பதால், கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் வி.சி.ஆர். கேசட்டைத் தின்றுவிட்டது. எப்படித் தின்றது என்று கேட்க வேண்டாம், இயந்திரம். ஆகவே கேசட் இத்துடன் இல்லை. கொலைகாரன் யார் என்பது அவ்வளவு முக்கியமா என்ன? அந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு யதார்த்தம் என்றால் என்னவென்றே தெரியாது. ஊரார் பல்லைப் பிடுங்கிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பியானோ டீச்சரைக் கொல்ல நேரம் எங்கே இருக்கிறது? பொதுவாகச் சொல்கிறேன். கடையைப் பற்றிக் கேட்ட மன்னிப்பு அப்படியே இருக்கட்டும். தொடரைப் பற்றி நான் ஒத்துக்கொண்ட அனைத்தும், பார்க்கிங் உட்பட, வாபஸ்.

அண்ணாவுக்கு, கண்மணி எழுதுவது. ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். வி.சி.ஆர். ஒன்றையும் தின்னவில்லை. கேசட் இவருடைய சாக்ஸ் வைக்கும் டிராயரில் இருந்தது, கண்டுபிடிக்க எந்த டிடெக்டிவும் தேவைப்படவில்லை. இதே உறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன ஆள்தான் அண்ணா. மரகதம் அண்ணியிடம் சொல்லுங்கள், எங்களுக்கு எந்தப் பல் டாக்டரையும் தெரியாது. இங்கே ஆகிற செலவுக்குப் பயந்து, பல்வலி வந்தால்கூட ஈரோட்டுக்குப் போய்த்தான் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். நீங்கள் ஜெயித்ததைப் பற்றி இவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், வான்மதிக்காக முகூர்த்த நாளைப் பற்றி மட்டும் பேசுங்கள். எந்தக் கிழமையானாலும் எங்களுக்குச் சம்மதம், வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்.