சாண் இடைவெளியில் முட்டைக்கோஸ்

இந்தக் கோடைக்கு என் மைத்துனன் வீட்டுப் படியேறக் கூடாது என்று முடிவெடுத்தேன். வந்தால் இருப்பது ஒரு மாதம். படுப்பது என் கட்டில். உடுப்பது என் சட்டை.

மனைவி சண்டைக்கு வரவில்லை. கொல்லையில் ஆளுக்கொரு பாத்தியில் முட்டைக்கோஸ் போடுவோம், யார் பாத்தியில் மொத்த எடை அதிகமோ அவர் சொல்வதே நடக்கட்டும் என்றாள்.

அவள் நாற்றுக்கு நாற்று ஒரு முழம் விட்டாள். அடியில் மக்கிய சாணம் போட்டதோடு சரி. நான் சாண் இடைவெளியில் நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளி அள்ளி வைத்தேன். இப்படிச் செய்யலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"உங்க இஷ்டங்க," என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

இன்னும் எடை ஏறட்டும் என்று பறிக்காமல் வேறு வைத்திருந்தேன். கடைசியில் தராசு என் பக்கமே சாய்ந்தது. அவள் பாத்தியில் பூசணி மாதிரி சில கோஸ்கள். என் பாத்தியில் முஷ்டி அளவில், கூடை கூடையாக. மறுபேச்சில்லாமல் தோல்வியை ஒப்புக்கொண்டாள். நான் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கூடையை உற்றுப் பார்த்தேன். யூரியா தின்று கொழுத்ததெல்லாம் வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. வெடித்த கோஸ் நாள்பட இருக்காது. அவளுடைய கோஸை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுத் தையல்காரர், என் கூடையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

தூக்கிப் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணி ஊத்தினது நானுங்க. ஒரு இலை வீணாகக் கூடாது. ஜெயிச்சவங்க சாப்பிடுங்க."

காலையில் கோஸ். மதியம் கோஸ். இரவில் மிச்சமிருந்த கோஸ். தண்ணீர் குடித்தாலும் கோஸ் மணத்தது. நான் தோற்றிருந்தால் நிம்மதியாகத் தோற்றிருப்பேன். எதை வைத்தாலும் தட்டைத் துடைத்துவிட்டு எழும் ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். மானத்தை ஓரமாக வைத்துவிட்டு மைத்துனனுக்குப் போன் செய்தேன். உடனே புறப்பட்டு வா என்றேன்.

"பாதி வழி வந்துட்டேன் மாமா. நீங்களே கூப்பிடுவீங்க, டிக்கெட் எடுத்து வைடான்னு, நாத்து நட்ட அன்னைக்கே அக்கா சொல்லிட்டாங்க."