ஐமோவின் பருந்துக் கண்

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் களைப்புதான்" என்று ஐமோவின் அப்பா சொல்வார். அதோடு நிறுத்தமாட்டார், தொடர்ந்து ஏதோ சொல்வார். அந்தப் பின்பாதி ஐமோவுக்கு மறந்துபோய்விட்டது. முன்பாதியே போதுமானதாக இருந்ததால் அவன் தேடவும் இல்லை.

அப்பா ஏரியில் படகு ஓட்டியவர். கடைசிக் காலத்தில் காபிக் கோப்பையைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தார். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று ஐமோ தினமும் நினைத்துக்கொள்வான்.

வடகோடிக் குளிர்நாட்டுத் தம்பெரே நகரத்தின் தண்ணீர்க் குழாய் வரைபடங்களை வீட்டிலிருந்தபடியே இரண்டு திரைகளில் சரிபார்ப்பது அவன் பிழைப்பு. சாயங்காலமானால் நீலக் குழாயும் பச்சைக் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரியும். நவம்பர் பிறந்ததும் ஐமோ ஒரு மகத்தான தீர்மானம் செய்தான். டாக்டரிடம் போவதில்லை. கண்ணைத் தானே சரிசெய்துகொள்வது. நினைத்தபோதெல்லாம் இமைப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சன்னல் வழியாகத் தூரமாகப் பார்ப்பது. சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்துவிடுவது.

கடைசி வைத்தியத்தில் ஒரு கூடுதல் லாபம் இருந்தது. ஈரத்துணிக்கு அடியிலிருந்து பார்த்தால் கழுவாத தட்டு தெரியாது.

"ஐமோ, குப்பைப் பை வாசல்லயே நிக்குது" என்றாள் அவன் மனைவி சேயா.

"கிட்ட இருக்கறதைப் பார்த்தாதான் கண்ணு களைக்குது. குப்பை கிட்ட இருக்கு."

"தட்டு?"

"அதுவும் கிட்டதான்."

"நான்?"

ஐமோ ஈரத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போயேன்."

"எதுக்கு? தூரப் பார்வை பருந்து மாதிரி இருக்கு. எதிர்க் கட்டடத்துல ஹில்க்கா காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போடறாங்கன்னு இங்கிருந்தே சொல்வேன்."

"அவங்களுக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரையே போடறதில்ல."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

சேயா பேச்சை நிறுத்திக்கொண்டாள். அந்த ஊரில் பேச்சு நின்றால் சம்மதம் என்று ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐமோவும் எடுத்துக்கொண்டான்.

அன்று முதல் அவள் சாயங்காலமானால் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஹில்க்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஐமோ தன் விதிப்படி தூரமாகப் பார்த்தான். மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில் தூரம் என்று ஒன்று மிச்சமிருந்தால்தானே. முற்றத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சமாக இருந்தது ஹில்க்காவின் சமையலறைச் சன்னல் மட்டும்தான். மஞ்சளாகக் கலங்கிய அந்தச் சதுரத்துக்குள் இரண்டு உருவங்கள். அதில் ஒன்றின் தோள்கள் குலுங்கின. சேயா சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஒரு புதன்கிழமை அந்தச் சன்னலில் பெரிய அட்டை ஒன்று நின்றது. கண் டாக்டர் சுவரில் மாட்டியிருப்பாரே, அந்த மாதிரி. மேலே பெரிய எழுத்து, போகப் போகச் சிறிய எழுத்து. பக்கத்தில் சேயா, கையைக் கட்டிக்கொண்டு.

முதல் வரி: குப்பை.

ஐமோவுக்கு விஷயம் விளங்கியது. படிக்க முடியவில்லை என்றால் பருந்து செத்தது, டாக்டர் வந்தார். படிக்க முடிந்தால் வேலை செய்தாக வேண்டும். டாக்டருக்குக் குப்பையே மேல். பையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

இரண்டாவது வரி: தட்டு. கழுவினான்.

மூன்றாவது வரிக்குக் கண்ணைச் சுருக்கினான். சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கியது, துடைத்தான். எழுத்து தெளியாமல் நெளிந்தது. களைப்புதான், வேறென்ன. சின்னச் சொல்தானே. பா... பாய்.

பாயேதான். வீட்டு நடையில் கிடந்த நீளமான துணிப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டான். பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான். பனியும் மழையும் கலந்து மூஞ்சியில் அறைந்தன. பாய் தட்டுகிற கம்பியில் அதைப் போட்டு, இருட்டில், தப் தப்பென்று அடித்தான். கோடையில் வெயில் பார்த்து எல்லோரும் செய்கிற வேலை. நான்கு பக்கமும் சன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த ஊர் வழக்கப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹில்க்கா வீட்டுச் சன்னலைத் திறந்து சேயா எட்டிப் பார்த்தாள்.

"ஐமோ, என்ன பண்றே?"

"நீதானே எழுதியிருந்தே, பாய்னு."

"பால்னு எழுதியிருந்தேன்."

ஓரெழுத்துதான் வித்தியாசம். அவர்கள் மொழியிலும் பாலுக்கும் பாய்க்கும் ஓரெழுத்துதான். ஐமோ பிரம்போடு நின்றான். பாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேல வா" என்றாள் சேயா. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஹில்க்காவின் சமையலறையில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் இருந்தன. அட்டையை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அடியில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. தன் வீட்டிலிருந்து பார்த்தபோது அப்படி ஒரு வரி இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. இப்போது மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"...ன்னுதான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"இது..."

"உன் அப்பா 'வெறும் களைப்புதான்'னு சொன்னதுக்கு அடுத்த பாதி" என்றாள் சேயா. "நான்தானே அவருக்குக் காபி ஊத்துவேன். ஒவ்வொரு தடவையும் முழுசாத்தான் சொல்வார். நீதான் பாதியிலேயே எழுந்து போயிடுவே."

ஹில்க்கா காபியை அவன் பக்கம் நகர்த்தினார். சர்க்கரை போட்டிருக்கிறதா இல்லையா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு டாக்டர். நேரம் வாங்கியாச்சு" என்றாள் சேயா.

"எப்ப வாங்கினே?"

"நீ பாய் தட்டிக்கிட்டிருந்தப்ப."

காலையில் ஒன்பது மணிக்குப் போவதென்றும், வரும்போது பால் வாங்கி வருவதென்றும் ஐமோ முடிவு செய்தான்.