புதுசு கெடாத லேத் மெசின்

மாவடிப்பள்ளிக்கும் சம்மாந்துறைக்கும் நடுவே வயல் கரையோரமாக ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. நாட்டின் தொழில்நுட்ப முன்னேற்றத்தைக் கருத்திற்கொண்டும், கரையோர இளைஞர்களின் எதிர்கால நல்வாழ்வைக் கருத்திற்கொண்டும், இன்னும் என்னென்னவோ கருத்திற்கொண்டும், எண்பத்திரண்டாம் ஆண்டு அந்த நிலையத்துக்கு ஒரு லேத் மெசின் வந்து இறங்கியது. சும்மா லேத் இல்லை, கொம்பியூட்டர் லேத். இலக்கங்களைத் தட்டிவிட்டால் போதும். இரும்பைத் தானே கடைந்து, தானே துளைத்து, வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்றின் அன்பளிப்பு. எந்த அரசாங்கம் என்று கேட்டால் நிலையத்தில் ஆளுக்கொரு நாட்டைச் சொல்வார்கள்.

லொறியிலிருந்து இறக்கும்போதே அதன்மேல் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. வந்த வினையெல்லாம் அந்த உறையால்தான்.

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் உறை இருந்தால் புதுசு, உறை போனால் பழசு. சவூதியிலிருந்து வந்த கசட் ரேடியோ உறைக்குள் இருந்தபடியே பாடும். பாட்டுக்காரருக்குச் சளி பிடித்த மாதிரித்தான் கேட்கும். ஒருவரும் குறை சொல்வதில்லை. கல்முனையில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தை உறையோடு மாட்டிவிட்டார். உள்ளே நீர் கோத்து முள் மறைந்துபோக, மனிதர் பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தை வைத்தே நேரம் அறிந்துகொண்டார். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஹோலில் உறையோடு கிடக்கும் சோபா செற்றியையும் நான் பார்த்திருக்கிறேன்.

நிலையத்தின் பொறுப்பதிகாரி ஷரிபுதீன் வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. உறையைக் கிழிக்காமல் கதவைத் திறக்க வழியில்லாததால் அதன் தலையில் பூச்சாடி வைத்து அழகு பார்த்துவந்தார். குடிக்கிற தண்ணீர் பழையபடி மண்பானையில் குளிர்ந்தது. அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு கொம்பியூட்டர் லேத் கிடைத்தால் என்ன நடக்கும்?

"சகலரும் கவனமாக் கேளுங்க," என்றார் ஷரிபுதீன். "கௌரவ அமைச்சர் வந்து நாடா வெட்டித் திறந்து வைக்கும் வரைக்கும் மேற்படி யந்திரத்தின் உறை எக்காரணங்கொண்டும் அகற்றப்படலாகாது. இது மேலிடத்து உத்தரவு."

மேலிடத்திலிருந்து அப்படி ஓர் உத்தரவும் வரவில்லை. ஆனால் கேட்டிருந்தால் மேலிடமும் அதைத்தான் சொல்லியிருக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது.

இந்த உத்தரவால் வயிறெரிந்துபோனவன் மீராசாஹிபு. சம்மாந்துறைப் பொடியன், அந்த லேத் ஓட்டும் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் ஒருவன். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் அடக்கமாகிவிட்டார். வீட்டில் உம்மாவும் தங்கச்சி கமீலாவும். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வாப்பா இல்லாவிட்டால் காக்காமார், அதாவது அண்ணன்மார், கட்டவேண்டும். கட்டி முடியும்வரை காக்கா தன் கலியாணத்தைப் பற்றிக் கனவுகூடக் காணக்கூடாது. கமீலாவுக்குப் பேசி வைத்தது நல்ல இடம். வீடுதான் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோய்க் கிடந்தது. மாப்பிள்ளை குடிவரவேண்டிய அறையில் ஆடு கட்டியிருந்தார்கள்.

வீட்டை எழுப்ப மீராசாஹிபுக்குத் தெரிந்த ஒரே வழி சவூதி. கொம்பியூட்டர் லேத் ஓட்டத் தெரிந்தவர்களை அங்கே ஒரு பட்டறைக்கு எடுக்கிறார்களாம். கொழும்பில் ஏஜென்ட் சோதனை வைப்பார், மெசினில் ஓட்டிக் காட்ட வேண்டும், தேறினால் விசா. ஆகவே அவன் அல்லாஹ்விடம் கேட்டதெல்லாம், அந்த மெசினில் ஒருக்கா கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

படிப்பிக்க வந்தவர் காரைதீவுக் கனகசபாபதி மாஸ்டர். ஜப்பானில் பயிற்சி பெற்றவர். தங்கமான மனிதர், ஆனால் 'ஜப்பானில' என்று தொடங்காமல் வாய் திறக்க மாட்டார். மெசினைச் சுற்றிப் பொடியன்மாரை நிறுத்திவைத்துப் பிரம்பால் காட்டுவார்.

"ஜப்பானில இதைத் திறந்துதான் காட்டுவாங்க. நாம இப்பிடியே பார்ப்பம். இந்தா, மங்கலாத் தெரியிது பாருங்க, அதுதான் சுழலுற தலை. பக்கத்தில இன்னும் மங்கலாத் தெரியிறது வெட்டுற உளி. அங்கால ஒண்டுமே தெரியல்லத்தானே?"

"ஓம் மாஸ்டர், ஒண்டும் தெரியல்ல."

"அதுதான் கொம்பியூட்டர்."

உறைக்கு மேலாகப் பொத்தான்களை அமுக்கவும் தடை. அதனால் மாஸ்டர் பிஸ்கட் பெட்டி அட்டையில் பொத்தான்களை அச்சொட்டாக வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு பாடம் ஜோராக நடந்தது. 'எம் மூன்று' தட்டினால் தலை சுழலும்; 'எம் ஐந்து' தட்டினால் நிற்கும். 'ஜீ ஒன்று' என்றால் உளி மெதுவாக வெட்டிக்கொண்டு போகும். 'ஜீ சைபர்' என்றால் வெட்டாமல் வேகமாகப் பாயும். எல்லோரும் அட்டையில் தட்டித் தட்டி மனப்பாடம் செய்தார்கள். வாயால் 'உர்ர்' என்று சத்தம் போடும் பொறுப்பு பின்வரிசைக்குக் கொடுக்கப்பட்டது.

ஒரு நாள் புண்ணியமூர்த்தி என்ற பொடியன் 'ஜீ ஒன்று' தட்ட வேண்டிய இடத்தில் 'ஜீ சைபர்' தட்டிவிட்டான்.

"ஐயோ! உளி மோதிட்டு! எல்லாரும் விலகுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். எல்லோரும் விலகினார்கள். விஷயம் பொறுப்பதிகாரியின் கந்தோருக்குப் போய், அவர் தலைமையில் விசாரணை கூடியது.

"அட்டைக்குச் சேதம் உண்டா?" என்று கேட்டார் ஷரிபுதீன்.

"இல்ல சேர்," என்றான் புண்ணியமூர்த்தி.

"இரும்புக்கு?"

"இரும்பு வைக்கல்ல சேர்."

"வச்சிருந்தா?"

"போயிருக்கும் சேர்."

"பார்த்தீங்களா! போயிருக்கக்கூடியது அரசாங்கச் சொத்து!"

புண்ணியமூர்த்தி ஒரு வாரத்துக்கு அட்டையைத் தொடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவன் அந்த வாரம் முழுக்க வெறுந்தரையில் விரலால் தட்டிப் பழகினான், பாவம்.

ஊரில் இந்தப் பொடியன்மாருக்குக் கிடைத்த மதிப்பைச் சொல்லி முடியாது. கமீலாவின் வருங்கால மாமியார் சபியா உம்மா ஒரு நாள் பலகாரத் தட்டோடு வந்தார்.

"மகன், நீங்க படிக்கிற மெசின் இன்னும் உறையே கழட்டல்லையாமே?"

"ஓம் மாமி," என்றான் மீராசாஹிபு தலையைக் குனிந்துகொண்டு.

"மாஷா அல்லாஹ்! அப்பிடிக் கவனமான இடத்தில படிக்கிறதுக்கும் குடுத்து வைக்கணும்." பிறகு அவர் கண் அரைச்சுவர்மேல் போயிற்று. ஆடு எட்டிப் பார்த்தது. "மறுகா இந்த வீடு எப்ப எழும்பும்?"

"இன்ஷா அல்லாஹ், சவூதி சரிவந்தா..."

"சரிவரட்டும் மகன். நோன்பு வரைக்கும் நாங்க பார்ப்பம். புறகு எங்களக் குறை சொல்லப்படாது, வேற இடத்திலயும் கேட்டு வாறாங்க."

அவர் போனபிறகு கமீலா பலகாரத்தைப் பங்கு வைத்தாள். காக்காவின் பங்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் அவன் நேரே கந்தோருக்குள் போய் நின்றான்.

"சேர், கொழும்பில சோதனை வருது. ஒருக்கா மெசின ஓட்டிப் பார்க்கணும்."

"ஓட்டினா பழசாகிடும் தம்பி."

"ஓட்டாம எப்பிடி சேர் ஓட்டப் படிக்கிற?"

"படிச்சு முடிச்ச ஆள் எதுக்கு ஓட்டணும்? படிக்காத ஆள் எப்பிடி ஓட்டலாம்? நீங்க இதுல எந்த ஆள்?"

மீராசாஹிபு யோசித்துப் பார்த்தான். எந்த ஆளாக இருந்தாலும் மெசினைத் தொட முடியாது என்று விளங்கியது.

"அப்ப மெசின் எதுக்கு சேர்?"

ஷரிபுதீன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மெசின் இல்லாட்டி இது எப்பிடித் தம்பி பயிற்சி நிலையமாகும்?"

அல்லாஹ் ஒரு வாசலைத் திறக்காமல் விடவில்லை. அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. உறையோ இதற்குள் மஞ்சளித்துப் போயிருந்தது. மஞ்சள் உறையோடு மெசினை அமைச்சருக்குக் காட்டினால் மானம் போய்விடும் என்று ஷரிபுதீன் கல்முனை பஜாரிலிருந்து புது உறை எடுப்பித்தார். பழசைக் கழற்றிப் புதுசு போடும் வேலைக்கு மீராசாஹிபு முதல் ஆளாகப் போய் நின்றான். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் கொஞ்ச நேரமாவது மெசின் வெறும் மேனியாக இருக்கும்தானே!

இருந்தது. உறை விலகியதும் பச்சை நிறத்தில் பளபளத்த அந்தப் பொத்தானில் அவன் விரலை வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது. அமுக்கப் போன நேரம், "கை! கை!" என்று ஷரிபுதீன் போட்ட சத்தத்தில் மெசினுக்கு அடியிலிருந்து ஓர் எலி பாய்ந்து ஓடியது. உள்ளே அது உமி சேர்த்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது; அதற்கு மட்டும் எப்படியோ அனுமதி கிடைத்திருக்கிறது. மீராசாஹிபின் கையில் ஒரு துணியைக் கொடுத்து அவன் விரல் அடையாளத்தை அவனைக்கொண்டே துடைப்பித்தார்கள். புது உறை ஏறிவிட்டது.

விழாவுக்கு அமைச்சருக்கு வசதிப்படவில்லை, பிரதியமைச்சர் வந்தார். மாலை போட்டார்கள், நாடா வெட்டினார். உறையைக் கழற்றும்படி ஷரிபுதீன் பணிவோடு கத்தரிக்கோலை நீட்டியதும் பிரதியமைச்சர் பதறிப்போனார்.

"சேச்சே! நான் கழட்டினா அமைச்சர் வரேக்க எதைக் கழட்டுற? அவரும் புதுசாப் பார்க்கட்டும்."

பலத்த கைதட்டலுக்கிடையே உறை அப்படியே இருந்தது.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். அதையும் பொலித்தீனில் ஒட்டித்தான் கொடுத்தார்கள். மீராசாஹிபு அதைப் பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் துஆ ஓதியபடி கொழும்புக்குப் பஸ் ஏறினான். மெசினை முன்னால் வைத்து ஓட்டு என்பார்கள். தோற்றுவிட்டால் கமீலாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அழுகை வந்தது, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்காமல் அழுதான்.

ஏஜென்டின் கட்டடத்தில் ஒரு பெரிய அறை. நடுவில் கொம்பியூட்டர் லேத். அதன்மேல் பொலித்தீன் உறை!

பெரிய பெரிய பட்டறைகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"உறையக் கழட்டுங்க, கரண்ட் குடுங்க, இல்லாட்டி எப்பிடி ஓட்டுற?"

"கழட்ட ஏலாது," என்றார் ஏஜென்ட். "இது விக்கிறதுக்கு வந்த மெசின். சோதனைக்கு இரவல் எடுத்திரிக்கி. மேலால அமத்திக் காட்டுங்க."

"மனிசன் செய்யிற வேலையா இது?" என்று திட்டிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மீராசாஹிபின் முறை வந்தது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. இடது கையால் உறையின் சுருக்கத்தை இழுத்து நீவிவிட்டான். மங்கலாகத் தெரிந்த பொத்தான்களில் வலது கை ஓடியது. எம் மூன்று. ஜீ ஒன்று. எம் ஐந்து. பழக்க தோஷத்தில் வாயும் 'உர்ர்' என்றது. ஏஜென்ட் குனிந்து உறையைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"இவர்தான் ஆள்," என்றார்.

நோன்புக்கு முன்னமே விசா வந்துவிட்டது. சபியா உம்மாவும் பொறுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஊரே வந்து வழியனுப்பியது. கனகசபாபதி மாஸ்டர் கண் கலங்கி, "ஜப்பானில கூட இப்பிடி ஒரு பொடியன் இல்ல," என்றார்.

சவூதிப் பட்டறையில் மெசினுக்கு உறை இல்லை. எண்ணெய் வழிய, இரும்புச் சுருள் சிதற, அது பட்டப்பகலில் வேலை செய்துகொண்டிருந்தது. மீராசாஹிபுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெறும் பொத்தானைத் தொட்டதும் விரல் தடுமாறி, புண்ணியமூர்த்தி செய்த அதே பிழையைச் செய்தான். அட்டையில் நடந்தால் விசாரணையோடு போகும். இங்கே உளி பறந்தது. மேற்பார்வை பார்த்த போர்மன் தன் பாஷையில் நெடுநேரம் கதைத்துவிட்டு, அவனைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சாமான் பொதி செய்யும் பகுதியில் விட்டார்.

அங்கே செய்து முடித்த இரும்புச் சாமான்களைப் பொலித்தீனில் சுற்ற வேண்டும். அவன் சுற்றினான் பாருங்கள்! ஒரு சுருக்கம் விழாது, ஒரு மூலை விலகாது. போர்மனே வந்து தட்டிக்கொடுத்தார். வருஷக்கணக்கில் அதுவே வேலை. ஊருக்கு மட்டும் 'கொம்பியூட்டர் பகுதியில் பெரிய பொறுப்பு' என்று எழுதினான். வீடு எழும்பியது. அவன் அங்கேயிருக்க, கமீலாவின் கலியாணமும் முடிந்தது.

ஊர் திரும்பி வாசலில் வந்து இறங்கியபோது வீட்டைப் பார்த்துக் கண் நிறைந்துபோனது. ஆனால் உள்ளே ஆள் அரவம் இல்லை. பின்பக்கம் போனான். பழைய குசினிக் கொட்டிலுக்குள் உம்மா, கமீலா, மச்சான், ஆடு எல்லோரும் இருந்தார்கள்.

"ஏன் புள்ள, வீட்டுக்குள்ள இரிக்கிறல்லையா?"

"இரிந்தா பழசாகிடுமே காக்கா," என்றாள் கமீலா. "நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டித் தந்த வீடு!"

முன் ஹோலுக்குள் போய்ப் பார்த்தான். தரைக்குப் பொலித்தீன், செற்றிக்குப் பொலித்தீன், கதவுப் பிடிக்கும் பொலித்தீன். இந்தப் பிள்ளை ஃபேன் காற்றில் படுத்து நித்திரை கொள்ளவேண்டும் என்றல்லவா இத்தனை வருஷம் பாலைவனத்தில் வெந்தான்? அப்படியே இழுத்துக் கிழித்துவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. குனிந்து செற்றி உறையின் மூலையைப் பிடித்தான். அதற்குள் செய்தி கேட்டு வந்துவிட்ட சபியா உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவனைப் பார்க்க வந்திருந்த பொறுப்பதிகாரி ஷரிபுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

மீராசாஹிபு உறையை இரண்டு விரல்களால் உரசிப் பார்த்தான்.

"இது மெல்லிசு," என்றான். "மஞ்சளாப் போயிடும்."

பெட்டியைத் திறந்து சவூதியிலிருந்து கொண்டுவந்த தடித்த பொலித்தீன் சுருளை வெளியே எடுத்தான். எல்லோரும் மூச்சு விட்டார்கள். கமீலா பெருமை தாங்காமல் மாமியாரைப் பார்த்தாள்.

ஷரிபுதீன் மெல்லக் கிட்ட வந்தார். "தம்பி, அமைச்சர் இன்னும் வரல்ல. நம்மட மெசினுக்கும் ஒரு துண்டு மிஞ்சுமா?"

"மிஞ்சும் சேர். ஆனா நானே வந்து போட்டுத் தாறன்," என்றான் மீராசாஹிபு. "பயிற்சி இல்லாத ஆக்கள் கை வச்சா மெசின் பழசாகிடும்."