நைனா சீட்டுக் குலுக்கிய ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஊரில் ஒன்பது மாதம் இருந்தாலே அந்த ஊர் அத்துப்படியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்து பார்க்காதவர்கள். நான் சென்னைக்கு வேலைக்கு வந்து ஒன்பது மாதம் ஆனபோது எனக்குத் தெரிந்த சென்னை மொத்தமே மூன்று இடங்கள்தான். ஹாஸ்டல், அங்கிருந்து ஏழு நிமிட நடையில் ஆபீஸ், ஊருக்கு ரயிலேறுகிற சென்ட்ரல். (ஆபீசுக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் கடையும் உண்டு. அதையும் சேர்த்தால் நான்கு.)

ஆனால் போனில் நான் வீட்டுக்குச் சொல்லிவந்த சென்னையே வேறு. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டின எங்கள் குப்பத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு அக்கம்பக்கத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு, "இன்னாடி சாப்ட்ட?" என்று கேட்கும்போது, "உப்பில்லாத ரவா உப்புமா" என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா? எனக்கு வரவில்லை. செல்போனில் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவார். அவர் சாப்பிட்டதையெல்லாம் நான் சாப்பிட்டதாகச் சொன்னேன். அவர் போன பீச்சு, அவர் ஏறின மாடி, அவர் சுற்றின மால் எல்லாமே என் கணக்கில் ஏறின.

இதில் எனக்கு ஒரு உள்நோக்கமும் இருந்தது. என்னை வேலைக்கு அனுப்புவதில் நைனாவுக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலிலிருந்தே அரை மனசு. பெண் ஊரைக் கலக்குகிறாள், கெட்டிக்காரி, தனியாகச் சமாளிக்கிறாள் என்று தெரிந்தால் முழு மனசாகிவிடும் என்று நான் போட்டது கணக்கு. நான் வேலை பார்த்ததும் கணக்குப் பிரிவில்தான் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாவது மாதம் நைனாவே போனை வாங்கிப் பேசினார். "வர்ற ஞாயித்துக்கெழம நானும் உங்கம்மாவும் வர்றோம் பாப்பா. நீ கீற ஊர ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு, அப்புறம் சொல்றேன், நீ அங்க இருக்கிறதா, வந்துடறதான்னு."

அந்த ஒரு நாளில் சென்னையை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டவில்லை என்றால் மூட்டை முடிச்சோடு நானும் ஊருக்குப் போகிற பொன்னேரி ரயிலில் ஏற வேண்டியதுதான். இரண்டு ராத்திரி கண் விழித்துத் தொப்பிக்காரரின் வீடியோக்களை மறுபடி பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். ஒன்பதரை கலங்கரை விளக்கம், பத்தரை மெரினா, ஒரு மணி சாப்பாடு, மூன்று மணி மால், ஐந்தரை ரயில். பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஞாயிறு காலை அவர்கள் சென்ட்ரலில் இறங்கியபோது நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டு. இருவரையும் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க, "வாங்க வாங்க, பஸ் ரெடியா இருக்கு" என்று முதலில் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஏன்டி, தண்டையார்பேட்டன்னு போட்டுகீது. இப்பதான இந்தப் பக்கமா ரயில்ல வந்தோம்?" என்றாள்.

"சுத்திப் பாக்கத்தானம்மா வந்தீங்க" என்றேன். (அன்றைக்கு நான் சொன்னதிலேயே சமயோசிதமான பேச்சு இதுதான். இதற்கப்புறம் எல்லாம் இறங்குமுகம்.)

இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, நடுவில் இரண்டு பேரிடம் மணி கேட்கிற சாக்கில் வழி கேட்டு, ஒரு வழியாகக் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். அண்ணாந்து பார்த்துக்கொண்டு பெருமையாக நின்றேன். அம்மாவும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்மூர்ல இல்லாததா இது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். பிறந்ததிலிருந்து அதன் வெளிச்சத்தில் தூங்கினவர்களை விடியற்காலையில் எழுப்பி, இரண்டு பஸ்சும் ஒரு ரயிலும் ஏற வைத்து, இன்னொரு கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறேன். சமாளித்துக்கொண்டு, "இது சும்மா. அடுத்ததுதான் முக்கியம்" என்று சொல்லி ரோட்டைத் தாண்டி அழைத்துப் போனேன். அடுத்தது கடல்.

நைனா கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம கடல்தான். தெக்கால வந்துகீது" என்றார். அம்மா பட்டுப்புடவையில் மணல் ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயுசு முழுக்கக் கடலோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கடலைச் சுற்றிக் காட்டின முதல் மகள் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சம் இருந்தது சாப்பாடு. அதை மட்டும் நான் பெரிதாக நம்பியிருந்தேன். தொப்பிக்காரர் கண்ணை மூடி அதிக நேரம் தலையாட்டின கடை அது. திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் 'இன்று பிடித்தது, இன்றே பொரித்தது' என்று போர்டு. உள்ளே மீன் குழம்பு வாசனையில் அம்மாவின் முகமே தெளிந்தது. ஆனால் உட்கார ஒரு நாற்காலி இல்லை. சாப்பிடுகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

"எல்லாரும் ஏன் நின்னுனு கீறாங்க?" என்றார் நைனா.

"அதுதான் இங்க வழக்கம் நைனா. நீங்க அந்த நீலச் சட்டைக்காரர் பின்னால போய் நில்லுங்க. அவர் மோர் ஊத்திக்கிட்டா சேர்ல கைய வெச்சிடுங்க."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். "துன்றவன் வாயப் பாத்துனு நிக்கணுமா? நானா?"

அந்த நேரம் பார்த்து நீலச் சட்டைக்காரர் எழுந்தார். உடனே இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு ஆம்பளைகள் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கதான் முதல்ல, நாங்கதான் முதல்ல என்று ஆரம்பித்துச் சட்டைக் காலருக்கு வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் இது தினமும் நடப்பதுதான் என்பதுபோலச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலையோடு இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் சீட்டுக் குலுக்கி முறை பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். அந்த முறைக்குப் பெயர் பாடு. எங்கள் குப்பத்தில் சீட்டைக் குலுக்குகிறவர் நைனா. குலுக்குகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் பெயரைச் சீட்டில் எழுதக் கூடாது. எல்லாருக்கும் முறை வந்த பிறகு, கடைசிப் பாடுதான் அவருக்கு. அப்போதுதான் அவர்மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நைனா அந்த இரண்டு ஆம்பளைகளுக்கும் நடுவில் போய், "நில்லுங்கப்பா" என்று ஏரிக்கு அக்கரை கேட்கிற குரலில் சொன்னபோது அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி குடும்பம் நிக்கிறீங்க?"

ஆச்சரியம், ஜனங்கள் பதில் சொன்னார்கள். எங்களைத் தவிர ஆறு குடும்பம்.

"பாப்பா, சீட்டு எழுது."

"நைனா, வேணாம் நைனா. இது ஏரி இல்ல" என்று கெஞ்சினேன். கைப்பையில் இருந்தது ஒரே தாள். நைனா அதை வாங்கி ஆறாகக் கிழித்துக் கொடுத்தார். கலங்கரை விளக்கம் ஒரு பக்கம் போனது, மெரினா ஒரு பக்கம் போனது. 'மூன்று மணி, மால்' என்று எழுதியிருந்த துண்டின் பின்பக்கம் சண்டை போட்ட இருவரில் ஒருவரான கண்ணாடிக்காரரின் பெயரை எழுதினேன். நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போக, நான் பேனாவும் கையுமாக நடுக்கடையில் நின்றேன். எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, கல்லாக்காரரையே எடுக்கச் சொன்னார் நைனா. முதல் சீட்டு கண்ணாடிக்காரருக்கு.

கடை அப்படியே அடங்கிவிட்டது. யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து இன்னொரு தடவை ரசம் வாங்கினார்கள். (அதனால் ஒரு பந்தி முடிய இரண்டு மடங்கு நேரமானது என்பதை நைனா கணக்கில் எடுக்கவில்லை.) நாங்கள் மூவரும் கை கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றோம். அத்தோடு விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

கண்ணாடிக்காரர் நன்றி மறவாதவர். தன் தட்டில் வந்த வஞ்சிரம் வறுவலைத் தூக்கிக்கொண்டு நேராக நைனாவிடமே வந்துவிட்டார். "பெரியவரே, நீங்க இல்லன்னா இன்னும் அடிச்சிக்கிட்டு இருந்திருப்போம். ஒரு துண்டு எடுத்துக்கணும்."

நைனா இரண்டு தடவை மறுத்துவிட்டு மரியாதைக்காக ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார்.

"எப்படிங்க இருக்கு?"

என்னைப் பற்றிக் கேட்டால்கூட நைனா ஒரு பொய் சொல்லுவார். மீனைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

"மசாலா நல்லா கீது."

"மீனு?"

"மீனு நாலு நாளு ஐசுல கெடந்துகீது. கெட்டுப்போவல, தாராளமா துன்னலாம். ஆனா இன்னிக்குப் புடிச்சது இல்ல."

அதே அக்கரைக் குரல். நைனாவின் தலைக்கு மேலேயும் அந்த போர்டுதான், உள்ளே இன்னொன்று மாட்டியிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நைனாவைப் பார்த்து, போர்டைப் பார்த்து, தட்டைப் பார்த்தார்கள். "எனக்கு வறுவல் வேணாம்பா" என்றது ஒரு குரல். "இங்கயும் கேன்சல்" என்றது இன்னொன்று.

உள்ளேயிருந்து முதலாளி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை வேட்டியில் நைனாவையும், பேனாவோடு என்னையும், மேசைமேல் பெயர் எழுதின சீட்டுகளையும் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது.

"சார் எந்த ஆபீஸ்?"

"நாங்க பழவேற்காட்லேர்ந்து வர்றோம்" என்றார் நைனா.

"அங்க எந்த டிபார்ட்மெண்ட் சார்?"

அம்மாவுக்குப் பசி. "மீனுதான். வேற இன்னா?" என்றாள்.

முதலாளி நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உள்ள ஏசி ரூம் இருக்கு. அம்மாவோட வந்து உக்காருங்க. இப்பவே இலை போடறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். பசியில் மானம் மரியாதை எல்லாம் ஏசி ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நைனா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க பாடு கடைசிங்க. இவங்கெல்லாம் துன்னட்டும்."

முதலாளியின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. கூப்பிட்டும் உட்காராத ஆபீசரை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அடுக்களைக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

எங்கள் பாடு வந்தபோது மூன்றேகால். மீன் வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் கோழியில் இறங்கியிருந்தார்கள். கோழி தீர்ந்தது, சோறு தீர்ந்தது, குழம்பு தீர்ந்தது. மிஞ்சினது தயிர்சாதமும் ஊறுகாயும். அதை முதலாளியே தன் கையால் பரிமாறினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் இல்லாமல் சாப்பிட்டறியாத அம்மா, பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அந்தத் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ம், புளிக்கல" என்று மட்டும் சொன்னாள்.

சென்ட்ரலில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பீச்சுக்குப் போனதில்லை, மாலுக்குள் நுழைந்ததில்லை, பிரியாணி சாப்பிட்டதில்லை, தொப்பிக்காரர், உப்பில்லாத உப்புமா, எல்லாம். நடுவில் மூக்கை வேறு உறிஞ்சிக்கொண்டேன்.

"நைனா, நான் வேலைய வுட்டுட்டு வந்துடணுமா?"

"இன்னாத்துக்கு?" என்றார் நைனா. "ஒம்பது மாசமா நீ போன்ல சொன்னதக் கேட்டுதான் எனக்குத் தூக்கமே போச்சு. நேத்து பீச்சு, இன்னிக்கு சினிமா, நாளைக்கு மாலுன்ன. பொண்ணு வேலைக்குப் போவுதா, ஊர் சுத்துதான்னு பாக்கத்தான் வந்தேன். உனக்கு பஸ்சு தெரியல. வழி தெரியல. துன்ற எடம் தெரியல. ஆபீசுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல ஒரு மண்ணும் தெரியல. அப்புறம் எனக்கு இன்னா பயம்? இரு, இரு."

ரயில் நகர்ந்தது. சந்தோஷத்தில் குதிப்பதா, அவமானத்தில் தண்டவாளத்தில் இறங்குவதா என்று தெரியாமல் நின்றேன். ஒன்பது மாதம் கெட்டிக்காரியாக நடித்துக் கெடுத்துக்கொண்ட வேலையை ஒரே நாளில் முட்டாளாக இருந்து காப்பாற்றிக்கொண்ட ஆள் நான்.

அதெல்லாம் முடிந்து ஆறேழு வருடமாகிவிட்டது. இப்போது சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன், சென்னையில் எந்தச் சந்தில் எது நன்றாக இருக்கும் என்பது நிஜமாகவே தெரியும். பிரயோஜனம் இல்லை. எங்கள் குப்பத்தில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் நைனாவிடம் வந்து விசாரிப்பார்கள். "யார வேணா கேளு, எங்க பாப்பாவத் தவுர" என்று அவர் சொல்லி அனுப்புவார்.

என் கல்யாணப் பந்தியில் மீன் குழம்புக்கு முன்னால் என் இலையில் தயிர்சாதம் வந்து விழுந்தது. அம்மாவின் ஏற்பாடு. நைனா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய காகிதத் துண்டை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடிக்காரரின் பெயர், மறுபக்கம் என் கையெழுத்தில் 'மூன்று மணி, மால்'.

"இது ஒண்ணு பாக்கி கீது மாப்ள" என்றார். "ஆனா பஸ்ச நீங்க புடிங்க."